புது பாட் வாங்குறதுக்கு முன்னாடி அந்த காலை சிகரெட்டைப் பத்திப் பேசணும்

கேள்வி: டாக்டர், எனக்கு 34 வயசு. ஒரு நாளைக்கு 15 சிகரெட் பிடிச்சிட்டு இருந்தவன், ரெண்டு வருஷம் முன்னாடி பாட் வேப்புக்கு, அதாவது லிக்விடை சூடாக்கி ஆவியா இழுக்கிற சின்ன இ-சிகரெட்டுக்கு மாறினேன். இப்போ சிகரெட் ரெண்டே ரெண்டு தான், காலைல எழுந்ததும் ஒண்ணு, ராத்திரி ஃப்ரெண்ட்ஸோட ஒண்ணு. மில்லிக்கு 30 எம்ஜி நிக்கோட்டின் இருக்கிற நிக் சால்ட் லிக்விட் போடுறேன், ஒரு நாளைக்கு 2 மில்லி காலியாகுது. கொஞ்ச நாளா பாட் லீக் ஆகுது, கருகின வாடை வருது, முன்ன மாதிரி திருப்தியே இல்ல. தலகாணி பக்கத்துல வச்சுக்கிட்டு தான் தூங்குறேன், நடு ராத்திரில முழிச்சா ரெண்டு பஃப் இழுத்துட்டு தான் திரும்ப தூக்கம் வருது, சில நாள் படபடப்பா வேற இருக்கு. ஃப்ரெண்டு ஒருத்தன் புது மாடல் வாங்கியிருக்கான், மெஷ் காயில், ஸ்க்ரீன், 30 வாட் வரைக்கும் போகும். "இதுல 50 எம்ஜி போட்டுக்கோ, சிகரெட் பக்கமே போக மாட்ட, எப்படியும் சிகரெட்டை விட 95 சதவீதம் சேஃப் தானே"ன்றான். மாத்தலாமா? வீட்டுல ரெண்டு வயசுல பொண்ணு இருக்கா, லிக்விட் பாட்டிலை எப்படி வச்சுக்கணும்ன்னும் சொல்லுங்க.

பதில்: வணக்கம் தம்பி. 15ல இருந்து 2க்கு வந்திருக்கீங்க, அதை ஒரே வரில எழுதி முடிச்சிட்டீங்க, ஆனா அது சின்ன விஷயம் இல்ல, என்கிட்ட வர்றவங்கள்ல பல பேர் அந்த இடத்துக்கு வர்றதுக்கே ரொம்ப கஷ்டப்படுறாங்க. அதனால உங்களைத் திட்டுறதுக்கோ பயமுறுத்துறதுக்கோ இதை எழுதல. நான் நுரையீரல் டாக்டர், புகையை விடணும்ன்னு வர்றவங்களைத் தான் அதிகமா பார்க்கிறேன், அவங்க பாக்கெட்ல இருந்து எடுத்து என் மேசை மேல வைக்கிற டிவைஸ்களைப் பார்த்துப் பார்த்தே இந்த காயில், ஓம், வாட் எல்லாம் எனக்கும் பழக்கமாயிடுச்சு.

முதல்ல பதிலைச் சொல்லிடறேன். இப்போ உடனே மாத்தாதீங்க. கையில இருக்கிற டிவைஸுக்கே ஒரு புது பாட் (லிக்விடும் அதை சூடாக்குற காயில்ன்ற கம்பிச்சுருளும் இருக்கிற, கழட்டி மாட்டுற பகுதி) போட்டு ரெண்டு வாரம் ஓட்டுங்க. அதுக்கப்புறமும் காலை சிகரெட் நிக்கலைன்னா புதுசு வாங்குறதுல அர்த்தம் இருக்கு, அப்போ நானே வாங்குங்கன்னு சொல்லுவேன். ஆனா 50 எம்ஜி லிக்விடை அந்த 30 வாட் டிவைஸ்ல எந்த காரணத்துக்காகவும் ஊத்தாதீங்க, அது மட்டும் கண்டிப்பா வேண்டாம்.

ஏன் பழசையே பாக்கச் சொல்றேன்னா, நீங்க எழுதியிருக்கிற மூணு தொந்தரவும், அதாவது லீக், கருகல் வாடை, திருப்தி இல்லாதது, மூணுமே செத்துப்போன காயிலோட அடையாளம். எத்தனை நாளைக்கு ஒரு தடவை பாட் மாத்துறீங்கன்னு எழுதல, ஆனா கருகின வாடை வந்தும் "கொஞ்ச நாளா" அதையே இழுத்துட்டு இருக்கீங்கன்னா, மாத்த வேண்டிய நாள் எப்பவோ தாண்டிடுச்சு. தினமும் 2 மில்லி போடுறவங்களுக்கு ஒரு காயில் சாதாரணமா ஒரு வாரம் ரெண்டு வாரம் தான் நல்லா உழைக்கும், இனிப்பு அதிகமா இருக்கிற லிக்விட்னா அதுவும் கம்மி. பாட்டை கழட்டி வெளிச்சத்துல பிடிச்சு உள்ள பாருங்க, காயில் இருக்கிற நடு ஓட்டையில பஞ்சு வெள்ளையா தெரியணும், காபி கலர்லயோ கருப்பாவோ மேல ஒரு மொறமொறப்பான படலம் கட்டியிருந்தா அது லிக்விட்ல போடுற ஸ்வீட்னர் கருகி ஒட்டினது. அந்தப் படலம் லிக்விடை பஞ்சுக்குள்ள ஊற விடாது, கம்பி காய்ஞ்ச பஞ்சை சுடும், அப்போ தான் அந்த வாடை. இந்த வாடையை "டேஸ்ட் சரியில்ல"ன்னு மட்டும் எடுத்துக்காதீங்க, காய்ஞ்ச பஞ்சுல இழுக்கும்போது லிக்விட்ல இருக்கிற கிளிசரினும் ப்ரொப்பிலீன் கிளைகாலும் அதிக சூட்டுல உடைஞ்சு ஃபார்மால்டிஹைட், அக்ரோலின் மாதிரி சமாச்சாரமெல்லாம் உருவாகும், சிகரெட் புகையில எதுக்குப் பயந்து நீங்க இதுக்கு மாறினீங்களோ அதுல சிலது இங்கேயே திரும்ப வந்துடுது. கருகின வாடை வந்தா அந்த பஃப்போட நிறுத்திடணும், இன்னும் ரெண்டு நாள் ஓட்டிக்கலாம்ன்ற பேச்சே கூடாது.

லீக் ஆகுறதுக்கும் பாதி காரணம் அதே தான், திருப்தியா வரலன்னு நீங்க சிகரெட் மாதிரி கன்னம் குழியற அளவுக்கு இழுப்பீங்க, அப்போ லிக்விட் காயிலுக்குள்ள பாய்ஞ்சு கீழ வழியும், கடகடன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அது அந்த வெள்ளம் தான். புது பாட் போடும்போது லிக்விடை ஊத்தின உடனே இழுக்காம பத்து நிமிஷம் நிமிர்த்தி வச்சிடுங்க, பஞ்சு முழுசா ஊறட்டும், முதல் நாலஞ்சு பஃப் மெதுவா இழுங்க, டிவைஸ்ல பாட் உக்கார்ற குழியில இருக்கிற அந்த உலோகப் புள்ளிகளை டிஷ்யூவால துடைங்க, வெயில்ல நிக்கிற கார்ல விட்டுட்டுப் போகாதீங்க. இவ்வளவும் செஞ்சா உங்க "பழசு" திரும்ப முதல் மாசம் இருந்த மாதிரி ஆகுறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. ஒரே ஒரு விஷயத்துல மட்டும் பழசைக் காப்பாத்தப் பாக்காதீங்க, அது பேட்டரி. சார்ஜ் போடும்போது கை வைக்க முடியாத அளவுக்கு சூடாகுது, பக்கவாட்டுல உப்பியிருக்கு, பாடி விரிசல் விட்டிருக்குன்னா அந்த நிமிஷமே பயன்படுத்துறதை நிறுத்திடுங்க, அப்போ புதுசு வாங்குறது பாதுகாப்புக்காக, அதுக்கு யோசிக்கவே வேண்டாம்.

சரி, இப்போ 50 எம்ஜி விஷயம். இதுல தான் நிறைய பேர் ஏமாறுறாங்க, அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். முன்னாடியெல்லாம் வேப் லிக்விட்ல இருந்தது ஃப்ரீபேஸ் நிக்கோட்டின், அதாவது அமிலம் சேர்க்காதது, அதுல அளவு கூடக்கூட தொண்டை எரியும், 18 எம்ஜி தாண்டினா பல பேரால இழுக்கவே முடியாது, உடம்பே போதும்ன்னு சொல்லிடும். நிக் சால்ட்ல பென்சாயிக் ஆசிட் மாதிரி ஒரு அமிலம் சேர்க்கிறாங்க, காரத்தன்மை குறையுது, எரிச்சல் போயிடுது. 2015ல ஜூல்ன்ற அமெரிக்க வேப் பிராண்ட் வந்தப்போ எடையில 5 சதவீதம் நிக்கோட்டினோட, அதாவது மில்லிக்கு ஏறக்குறைய 59 எம்ஜியோட வந்துச்சு, ஃப்ரீபேஸ்ல அந்த அளவை யாரும் தாங்கியிருக்க மாட்டாங்க, சால்ட்ல வழுவழுன்னு உள்ள போச்சு. ஐரோப்பிய யூனியன்ல மில்லிக்கு 20 எம்ஜிக்கு மேல விக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. இந்த அதிக எம்ஜி சால்ட் எல்லாம் 10, 12 வாட்ல ஓடுற, ஒரு பஃப்புக்கு கொஞ்சூண்டு ஆவி விடுற சின்ன டிவைஸுக்காக வந்தது. உங்க ஃப்ரெண்டு வச்சிருக்கிற மெஷ் காயில் என்ன பண்ணும்ன்னா, கம்பிச்சுருளுக்கு பதிலா வலை மாதிரி தகடு, சூடாகிற பரப்பு அதிகம், வாட்டும் அதிகம், ஒரே இழுப்புல ஆவியாகுற லிக்விடோட அளவு பல மடங்கு கூடிடும். அதுல 50 போட்டா நீங்க ஒரு பஃப்ல எடுக்கிற நிக்கோட்டின் இப்போ எடுக்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது, தலை சுத்தல், குமட்டல், வியர்வை, நெஞ்சு படபடன்னு அடிக்கிறது எல்லாம் வரும், அது வராட்டியும் இன்னொண்ணு நடக்கும், சில வாரத்துல மூளை அந்த அளவுக்குப் பழகிடும், அப்புறம் இன்னைக்கு 30ல "திருப்தி இல்ல"ன்னு எழுதின நீங்க 50ல திருப்தி இல்லன்னு எழுதுவீங்க.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு பொறி இருக்கு, அதையும் சொல்லிடறேன். சில பேர் பெரிய டிவைஸ் வாங்கிட்டு "நான் 12 எம்ஜிக்கு இறங்கிட்டேன் டாக்டர்"ன்னு சந்தோஷமா வருவாங்க. எவ்வளவு லிக்விட் போகுதுன்னு கேட்டா அஞ்சு மில்லின்னு சொல்லுவாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க, 12ஐ 5ஆல பெருக்கினா 60. உங்களோடது இப்போ 30, 2 மில்லி, அதுவும் 60. பாட்டில் மேல எழுதியிருக்கிற நம்பர் இறங்கிச்சு, நிக்கோட்டின் கணக்கு இறங்கல, நுரையீரலுக்குள்ள போற ஆவி மட்டும் ரெண்டரை மடங்கு ஆயிடுச்சு. எம்ஜி குறைஞ்சா உடம்பு தன்னால ஆழமா, நீளமா, அடிக்கடி இழுத்து ஈடு கட்டிக்கும், இது யாரும் வேணும்னே பண்றது இல்ல. அதனால எம்ஜியை மட்டும் பாக்காதீங்க, எம்ஜியும் மில்லியும் பெருக்கி வர்ற அந்த 60ன்ற நம்பரைத் தான் நீங்க ஞாபகம் வச்சுக்கணும். அது முழுசும் ரத்தத்துல சேராது, ஆனா ஏறுதா இறங்குதான்னு பாக்குறதுக்கு அதைவிட எளிமையான வழி எதுவும் இல்ல.

இனிமே தான் எனக்கு உண்மையிலேயே கவலையான விஷயத்துக்கு வர்றேன். அந்த ரெண்டு சிகரெட். "ரெண்டே ரெண்டு தான்"னு எழுதியிருக்கீங்க. 15ல 13 குறைஞ்சா ஆபத்தும் அதே கணக்குல குறைஞ்சிருக்கும்ன்னு தான் எல்லாரும் நினைப்பாங்க, கேன்சர் விஷயத்துல ஓரளவுக்கு அப்படித்தான், ஆனா இதயம் அப்படி கணக்குப் போடாது. 2018ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல 141 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு கட்டுரை வந்துச்சு, ஒரு நாளைக்கு 20 சிகரெட் பிடிக்கிற ஆண்களுக்கு மாரடைப்பு மாதிரி இதய நோய் வர்றதுக்கு எவ்வளவு கூடுதல் ஆபத்தோ, ஒரே ஒரு சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு அதுல கிட்டத்தட்ட பாதி இருக்குன்னு அதுல தெரிஞ்சுச்சு. பாதி, தம்பி, இருபதுல ஒரு பங்கு இல்ல. ரத்தக்குழாயோட உள்சுவரும் ரத்தம் உறையறதும் கொஞ்சூண்டு புகைக்கே மாறிடுது. உங்க பாட் எவ்வளவு சுத்தமா இருந்தாலும் அந்த ரெண்டு சிகரெட் இருக்கிற வரைக்கும் நீங்க இதயத்தைப் பொறுத்தவரை இன்னும் சிகரெட் பிடிக்கிறவர் தான்.

அந்த 95 சதவீதத்துக்கும் இது தான் பதில். அது 2015ல பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து அறிக்கையில வந்த ஒரு மதிப்பீடு, நிபுணர்கள் உக்காந்து சிகரெட்டோட ஒப்பிட்டுச் சொன்னது, அளந்து பார்த்து வந்த நம்பர் கிடையாது, அப்பவே அதுக்கு மறுப்பும் வந்துச்சு. எரியுற புகையிலையில வர்ற தாரும் கார்பன் மோனாக்ஸைடும் வேப்ல இல்ல, அதனால முழுசா மாறினவங்களுக்கு கெடுதல் நல்லாவே குறையுதுன்றதை நானும் ஒத்துக்கிறேன். முழுசா மாறினவங்களுக்கு. ரெண்டையும் சேர்த்து வச்சிருக்கிறவருக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. அப்புறம், இந்த டிவைஸ் சைனாவுல ஹோன் லிக்ன்ற பார்மசிஸ்ட் 2003ல கண்டுபிடிச்சது, இருபத்து சொச்சம் வருஷம் தான் ஆகுது, நுரையீரல் நோய் பலதும் வெளிய தெரியுறதுக்கே அவ்வளவு காலம் எடுக்கும். சுத்தமான காத்தோட ஒப்பிட்டு இதை சேஃப்னு யாரும் சொல்லல, சொல்லவும் முடியாது.

இப்போ உங்க ரெண்டு சிகரெட்டையும் தனித்தனியா பாருங்க, ரெண்டும் ஒண்ணு இல்ல. காலை சிகரெட் உடம்பு கேக்குறது. நிக்கோட்டின் ரத்தத்துல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியா குறையும், ஏழு மணி நேரம் தூங்கி எழுந்தா பத்துல ஒரு பங்கு கூட மிச்சம் இருக்காது, மூளை பசியோட எழுந்திருக்கும், அந்த நேரத்துல கருகின காயிலை இழுத்தா அதுக்குப் பத்தாது, சிகரெட்னா பத்து இருபது செகண்ட்ல மூளைக்குப் போயிடும், அதனால கை சிகரெட்டைத் தேடுது. இங்க தான் நல்ல காயிலுக்கு வேலை இருக்கு, தேவைப்பட்டா நல்ல டிவைஸுக்கும். ராத்திரி சிகரெட் வேற ஜாதி. அந்த நேரத்துக்கு நாள் பூரா இழுத்த நிக்கோட்டின் உடம்புல நிறைய இருக்கும், உடம்புக்குத் தேவையே இல்ல, அது அந்த இடமும் கூட நிக்கிற ஆளுங்களும் இழுக்க வைக்கிற சிகரெட். அதுக்கு 30 வாட் இல்ல 80 வாட் வாங்கினாலும் ஒண்ணும் ஆகாது. அதுக்கு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட வாய் விட்டுச் சொல்லணும், "எனக்கு நீட்டாதீங்கடா, நான் விட்டுட்டேன்"ன்னு, ரெண்டு மூணு வாரம் அவங்க தம் போடப் போகும்போது கூடப் போகாம இருக்கணும். இதைச் சொல்றதுக்குக் கூச்சமா இருக்கும், தெரியும், ஆனா கூட்டாளிங்கள்ல ஒருத்தராவது உங்க பக்கம் நிப்பாங்க.

அதனால ரெண்டு வாரம் இதைச் செய்யுங்க. புது பாட், அதே 30 எம்ஜி. போன்ல குறிச்சு வைங்க, காலைல எழுந்து எத்தனை நிமிஷத்துல முதல் பஃப், அன்னைக்கு எத்தனை மில்லி, சிகரெட் எத்தனை. எழுந்ததும் சிகரெட்டுக்குப் போகாம உக்காந்து பாட்டை நிதானமா இழுங்க, அஞ்சு நிமிஷம், அவசரமே வேண்டாம், நிக்கோட்டின் ஏறட்டும். காலை சிகரெட் நின்னுச்சுன்னா உங்க டிவைஸ்ல ஒரு குறையும் இல்லன்னு அர்த்தம், அப்கிரேட் பேச்சை விட்டுடுங்க. நிக்கலைன்னா புதுசு வாங்குங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன், ஒரு சிகரெட்டை ஒழிக்கிறதுக்காக வாங்குற டிவைஸ் எனக்கு சம்மதம். ஏற்கனவே சிகரெட் நின்னுபோன ஒருத்தர் இன்னும் கிக் வேணும்ன்னு வாங்குற டிவைஸ் தான் எனக்கு ஆகாது, அது அவரை நிக்கோட்டின்ல இன்னும் ஆழமா இறக்குறது தவிர ஒண்ணும் செய்யாது.

வாங்குறதா இருந்தா, நீங்களே லிக்விட் ஊத்துற மாதிரி, காயில் இல்ல பாட் மாத்துற மாதிரி இருக்கணும், காயிலோட மின்தடை 0.8 ஓம்ல இருந்து 1.2க்குள்ள, 15 வாட் பக்கம், ஏர்ஃப்ளோவை (காத்து உள்ள வர்ற வழியை) இறுக்கமா வைக்க முடியணும், சிகரெட் மாதிரி வாய்க்கு இழுத்து அப்புறம் உள்ள விடுற வகை. 0.6க்குக் கீழ இருக்கிற காயில் வேண்டாம். லிக்விட் அதே 30 இல்ல 20. ஸ்க்ரீன்ல பஃப் கவுன்ட்டர் இருந்தா அது மட்டும் நல்ல விஷயம், ஒரு நாளைக்கு எத்தனைன்னு கண்ணுக்குத் தெரியும், நாங்க குறைக்கச் சொல்றப்போ அதை வச்சு வேலை செய்யலாம். கேமும் லைட்டும் இருக்கிறதெல்லாம் கையை விட்டு வைக்க விடாம பண்றதுக்குன்னே வர்றது, தொடாதீங்க. ஆயிரக்கணக்குல பஃப் வரும்ன்னு விக்கிற டிஸ்போசபிள் கண்டிப்பா வேண்டாம், அதுல எவ்வளவு எடுக்கிறோம்ன்னே கணக்கு தெரியாது, காயில் எந்த நிலைமைல இருக்குன்னு பாக்கவும் வழியில்ல, காயில்ல இருந்து நிக்கல், குரோமியம், ஈயம் மாதிரி உலோகம் ஆவில கலக்கும்ன்னு ஆய்வுகள்ல பார்த்திருக்காங்க, அதனால ஒரே காயிலை மாசக்கணக்குல சூடு பண்றது எதுவுமே நல்லதில்ல. லிக்விட்ல என்னென்ன இருக்குன்னு லேபிள்ல எழுதியிருக்கணும், எண்ணெய் கலந்தது, வைட்டமின் கலந்தது, யாரோ வீட்டுல கலந்து குடுத்தது, கஞ்சா சாறு கலந்தது எதுவும் உங்க டிவைஸ் பக்கம் வரவே கூடாது. 2019ல அமெரிக்காவுல திடீர்னு இளைஞர்கள் மூச்சுத் திணறி ஐசியூவுக்கு வந்தாங்களே, 2020 பிப்ரவரி வரைக்கும் 2,807 பேர் ஆஸ்பத்திரில சேர்ந்து 68 பேர் இறந்தாங்க, அதுக்குப் பெரும்பாலும் காரணம் கஞ்சா லிக்விட்ல கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட் தான். தோல்ல தடவினா ஒண்ணும் செய்யாத பொருள், நுரையீரலுக்குள்ள போனப்போ ஆளைக் கொன்னுச்சு.

இதை இந்தியாவுல இருந்தோ சிங்கப்பூர்ல இருந்தோ படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. கேள்வி கேட்ட தம்பி இதை சட்டப்படி விக்கிற இடத்துல இருக்கார். இந்தியாவுல 2019 சட்டப்படி விக்கிறது, இறக்குமதி பண்றது, ஸ்டாக் வச்சிருக்கிறது எல்லாம் குற்றம், சிங்கப்பூர்ல 2018ல இருந்து கையில வச்சிருந்தாலே குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அங்க கைமாறி வர்ற லிக்விட்ல என்ன இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது, அதனால உங்களுக்கு என் ஆலோசனை அப்கிரேட் பத்தி இல்ல, நேரா தோல்ல ஒட்டுற நிக்கோட்டின் பேட்ச், நிக்கோட்டின் கம், மாத்திரைக்கு வந்துடுங்க. சிகரெட்டே பிடிக்காத பிள்ளைங்க ஜாலிக்காக இதைத் தொடக் கூடாதுன்றதையும் சேர்த்துக்கோங்க, வளர்ற மூளைல நிக்கோட்டின் பிடிக்கிற பிடி வேற.

தம்பி, இப்போ உங்க படபடப்பு. முதல் சந்தேகம் நிக்கோட்டின் தான், நடு ராத்திரில எழுந்து இழுக்கிறது அதுக்கு மேல எண்ணெய் ஊத்துறது. ஆனா இன்னொண்ணும் கேக்குறேன், காபி எத்தனை குடிக்கிறீங்க? சிகரெட் புகையில இருக்கிற தார், ஈரல்ல காபியை உடைக்கிற என்சைமை முடுக்கி விட்டுடும், அதனால சிகரெட் பிடிக்கிறவங்க உடம்புல காபி சீக்கிரமே வெளியேறிடும். நீங்க 15ல இருந்து 2க்கு வந்தாச்சு, அந்த முடுக்கம் குறைஞ்சிருக்கும், வேப்ல தார் இல்லாததால அது திரும்பவும் வராது, ஆனா காபி பழைய கணக்குலயே குடிச்சிட்டு இருந்தா அது இப்போ உடம்புல ரொம்ப நேரம் தங்கும், படபடப்பு, தூக்கம் கெடுறது, கை நடுங்குறது எல்லாம் வரும், அதை நிக்கோட்டின் பத்தலன்னு தப்பா புரிஞ்சுக்கிட்டு இன்னும் இழுப்பீங்க. காபியைப் பாதியா குறைச்சு மதியத்தோட நிறுத்திப் பாருங்க. வீசிங்குக்கு தியோபிலின் மாத்திரையோ, மனநலத்துக்கு க்ளோசபின் மாத்திரையோ சாப்பிடுறவங்க யாராவது இதைப் படிச்சா, சிகரெட்டைக் குறைக்கும்போது டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, அந்த மருந்துகளோட டோஸும் இதே காரணத்தால மாத்த வேண்டி வரும். காபி குறைச்சும் உங்க படபடப்பு அடங்கலன்னா, இல்ல நெஞ்சுல அழுத்தம், மயக்கம் வர்ற மாதிரி இருந்தா, காத்திருக்காம ஈசிஜி எடுத்துடுங்க.

அடுத்து எங்க போறோம்ன்னும் இப்பவே பேசிடுவோம். 2019ல இங்கிலாந்துல நடந்த ஒரு பெரிய ஆய்வோட முடிவு வந்துச்சு, சிகரெட்டை விட வந்த 886 பேர்ல பாதிப் பேருக்கு வேப், மீதிப் பேருக்கு பேட்ச், கம் மாதிரி நிக்கோட்டின் மருந்து. ஒரு வருஷம் கழிச்சு வேப் கூட்டத்துல 18 சதவீதம் பேர் சிகரெட்டை விட்டிருந்தாங்க, மருந்து கூட்டத்துல 9.9. வேப் நல்லா வேலை செஞ்சுதுன்னு இதை எல்லாரும் சொல்லுவாங்க, உண்மை தான். ஆனா வேப்பால சிகரெட்டை விட்டவங்கள்ல 80 சதவீதம் பேர் அந்த ஒரு வருஷம் கழிச்சும் வேப் இழுத்துட்டே இருந்தாங்க, மருந்தால விட்டவங்கள்ல 9 சதவீதம் பேர் தான் அந்த மருந்தைத் தொடர்ந்தாங்க. நீங்க அந்த 80ல நிக்கிறீங்க. சிகரெட்டை நிறுத்த இது உதவும், தன்னை நிறுத்துறதுக்கு இது உதவாது, அதுக்கு நாம தான் திட்டம் போடணும்.

ரெண்டு சிகரெட்டும் நின்னு ஒரு மாசமாவது ஆகட்டும், அதுக்கு முன்னாடி வேப்பைக் குறைக்க அவசரப்படாதீங்க, குறைக்கப் போய் சிகரெட் திரும்ப வந்துட்டா இத்தனை உழைப்பும் வீணா போயிடும். அப்புறம் முதல் வேலையா தலகாணி பக்கத்துல இருந்து பாட்டை எடுத்து வேற ரூம்ல வைங்க, ராத்திரி எழுந்து இழுக்கிறது தான் பழக்கத்தை ரொம்ப இறுக்குற விஷயம். முதல் மூணு நாள் முழிச்சுப் புரளுவீங்க, அது தான் உச்சம், அப்புறம் மெல்ல அடங்கும். பெட்ரூமும் காரும் பஃப் இல்லாத இடமா ஆன பிறகு 30ல இருந்து 20, அங்க மூணு நாலு வாரம் நின்னு மில்லி ஏறாம பாத்துக்கிட்டு அப்புறம் 10, அப்புறம் 5. எங்கயாவது மில்லி ஏற ஆரம்பிச்சா இன்னும் கொஞ்ச நாள் அதே படில நில்லுங்க, இறங்காதீங்க.

தனியா முடியலன்னா மருந்து இருக்கு, அதை தோல்வின்னு நினைக்காதீங்க. நிக்கோட்டின் பேட்ச் ஒரே சீரா நிக்கோட்டின் குடுக்கும், ராத்திரியும் ஒட்டிக்கிட்டா காலைல எழுந்ததும் வர்ற அந்தத் தவிப்பு கணிசமா குறையும், உங்க காலை சிகரெட்டுக்கு இதையே முதல்லயே கூட முயற்சி பண்ணலாம், கனவு தொந்தரவா இருந்தா தூங்கும்போது எடுத்துடலாம். கம் 2 எம்ஜி, 4 எம்ஜின்னு வரும், எழுந்து அரை மணி நேரத்துக்குள்ள முதல் புகை இழுக்கிறவங்களுக்கு 4. அதை சூயிங் கம் மாதிரி விடாம மெல்லக் கூடாது, காரம் தெரியுற வரைக்கும் மென்னுட்டு கன்னத்துல ஒதுக்கி வைக்கணும், தொடர்ந்து மென்னு முழுங்கிட்டு வயித்தை எரியுதுன்னு விட்டுட்டவங்க நிறைய பேர். வரெனிக்ளின்ன்னு ஒரு மாத்திரை, மூளைல நிக்கோட்டின் போய் உக்கார்ற இடத்துல அது உக்காந்துக்கும், சிகரெட்டுக்கு ரொம்ப வருஷமா குடுக்கிறோம், 16ல இருந்து 25 வயசு வரைக்கும் இருக்கிற வேப் பழக்கக்காரங்களுக்குக் குடுத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2025ல வந்துச்சு, மூணு மாச முடிவுல மாத்திரை எடுத்தவங்கள்ல 51 சதவீதம் பேர் விட்டிருந்தாங்க, வெத்து மாத்திரை எடுத்தவங்கள்ல 14. குமட்டலும் வினோதமான கனவும் வரலாம், சாப்பிட்ட பிறகு ஒரு டம்ளர் தண்ணியோட எடுத்தா குமட்டல் குறையும். கிட்னி பிரச்சனை இருக்கிறவங்களுக்கு அளவு வேற, அதனால டாக்டர் எழுதிக் குடுத்து தான் சாப்பிடணும்.

பாப்பா விஷயம். 30 எம்ஜி லிக்விட் ஒரு மில்லில 30 எம்ஜி நிக்கோட்டின், ரெண்டு வயசுக் குழந்தைக்கு அதுல கொஞ்சம் வாய்க்குள்ள போனாலே ஆபத்து, பழ வாசனையும் கலரும் வேற இருக்கிறதால அவ அதைக் குடிக்கிற பொருள்னு தான் நினைப்பா. பாட்டில், பாட், டிவைஸ் மூணும் பூட்டுற அலமாரில, உயரத்துல இருக்கணும், சோஃபா மேல, பேன்ட் பாக்கெட்ல, ஹேண்ட்பேக்ல இல்ல. கழட்டிப் போடுற பழைய பாட்ல கூட மிச்சம் இருக்கும், அதை அப்படியே குப்பைக்கூடைல போடாம டிஷ்யூல சுத்தி மூடி இருக்கிற டப்பால போட்டு அவ கைக்கு எட்டாத இடத்துல சேர்த்து வைங்க. ஊத்தும்போது அவ பக்கத்துல இருக்கக் கூடாது, கையில பட்டா தோல் வழியாவும் உள்ள போகும், அதனால சோப்புப் போட்டுக் கழுவின பிறகு தான் அவளைத் தூக்கணும். அவ இருக்கிற ரூம்லயும் கார்லயும் இழுக்காதீங்க. எப்பவாவது அவ வாயில வச்சுட்டான்னு சந்தேகம் வந்தா, வாந்தி வருதான்னு பாத்துட்டு உக்காராதீங்க, நீங்களா வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம், வாயைத் துடைச்சிட்டு அந்த பாட்டிலையும் கையோட எடுத்துக்கிட்டு உடனே எமர்ஜென்சிக்குப் போங்க, எத்தனை எம்ஜின்னு லேபிள்ல இருக்கிறது அங்க இருக்கிற டாக்டருக்கு முதல்ல தேவைப்படும்.